அப்பாவின் கணக்கு நோட்டிலிருந்து வகுப்பறைத் திரை வரை: 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விரிதாளும் ஸ்லைடும்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சனி, ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். இருப்பது ஒரே ஒரு கணினி. என் தம்பி படிக்கும்போது வாங்கிய அரசு மடிக்கணினி அது. பேட்டரி போய்விட்டதால் வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். மற்றபடி பிள்ளைகள் கொண்டுவரும் அப்பா, அம்மா போன்கள்தான்.

ஆரம்பத்தில் நானும் மெனுவிலிருந்துதான் தொடங்கினேன். இது ஹோம், இது இன்செர்ட், இதை அமுக்கினால் எழுத்து தடிக்கும். இரண்டே வாரத்தில் பாதிப் பேர் கடற்கரைக்குப் பந்து விளையாடப் போய்விட்டார்கள். மூன்றாவது வாரம் ஏழாவது படிக்கும் ஒரு பையன், மீன்பிடிப் படகில் போகும் அவன் அப்பாவின் கணக்கு நோட்டோடு வந்தான். “அக்கா, டீசல் வெல ஏறினா எங்கப்பா பங்குல எவ்வளவு குறையும்னு இதுல பாக்கலாமா?”

பார்க்கலாம். விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட், கட்டங்களில் எண் போட்டுக் கணக்குப் பார்க்கும் மென்பொருள்) என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததே அதற்காகத்தான். அதனால் இந்த வழிகாட்டியும் மெனுவை விட்டுவிட்டு அந்த நோட்டிலிருந்து தொடங்குகிறது.

எந்த மென்பொருள்?

கையில் எது இருக்கிறதோ அது. எக்செல், பவர்பாயிண்ட் இருந்தால் நல்லது. பாஸ் லினக்ஸ் (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) உள்ள மடிக்கணினி என்றால் அதில் லிப்ரே ஆபிஸ் இருக்கும். விரிதாளுக்குக் கால்க், ஸ்லைடுக்கு இம்ப்ரெஸ். விண்டோஸிலும் அதைக் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். போன் மட்டும்தான் என்றால் கூகுள் ஷீட்ஸ், கூகுள் ஸ்லைட்ஸ் என்று இரண்டு செயலிகள். 13 வயது ஆகாதவர்கள் தாமாகக் கூகுள் கணக்கு தொடங்க முடியாது. அம்மா போனில், அம்மாவுக்குத் தெரிந்து, அம்மாவின் கணக்கில் செய்யுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போல சிக்னல் வந்து வந்து போகும் இடமென்றால், சிக்னல் இருக்கும்போதே அந்தக் கோப்பை ‘ஆஃப்லைன்’ என்று குறித்து வைத்துவிடுங்கள்.

கீழே வரும் சூத்திரங்கள் (கட்டத்துக்குள் எழுதும் கணக்குக் கட்டளைகள், ஆங்கிலத்தில் ஃபார்முலா) மூன்றிலும் ஒன்றுதான். ஒரு விஷயம் மட்டும் நினைவில் வையுங்கள். சூத்திரத்தைக் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே அதன் ஒலியைத் தமிழில் எழுதுகிறேன். ‘சம்’ என்று எழுதினால் எஸ், யூ, எம். ‘பி2’ என்றால் ஆங்கில பி எழுத்தும் 2ம்.

முதலில் காகிதம்

கணினியைத் திறக்காதீர்கள். ரூல்டு நோட்டில் ஐந்து கோடு போட்டு, மேலே இப்படித் தலைப்பு எழுதுங்கள்: தேதி, மீன், கிலோ, கிலோ விலை, தொகை. ஒரு நாள் பிடித்துவந்ததற்கு ஒரு வரி. விரிதாள் வேலையில் பாதி இதுதான். எதை எந்தக் கட்டத்தில் வைப்பது என்ற முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும், மென்பொருள் எடுக்காது.

ஒரு சின்னக் கதை. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின் என்ற மாணவர், பேராசிரியர் கரும்பலகையில் பெரிய கணக்கு அட்டவணை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்ணையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வழி தேடித்தான் அவரும் பாப் ஃபிராங்ஸ்டன் என்பவரும் சேர்ந்து 1979இல் விசிகால்க் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். எக்செல் 1985இல், அதன் பிறகு வந்தது. அந்தப் பேராசிரியரின் நிலைமைதான் நம் ஊர்ச் சம்மாட்டிகளுக்கும் (படகுச் சொந்தக்காரர்களுக்கும்). நோட்டில் ஒரு தொகையை அடித்துத் திருத்தினால், அந்தப் பக்கம் முழுக்க அடித்துத் திருத்தல்தான்.

கட்டத்தில் ஏற்றுதல்

இப்போது விரிதாளைத் திறங்கள். குறுக்கே போவது நிரை, அதற்கு எண். நெடுக்கே போவது நிரல், அதற்கு ஆங்கில எழுத்து. இரண்டும் சந்திக்கும் கட்டம் ‘செல்’. பி நிரலும் 3ஆம் நிரையும் சந்தித்தால் அதன் பெயர் பி3. எக்செலில் 10,48,576 நிரை, 16,384 நிரல் உண்டு. நமக்கு எட்டு நிரை போதும்.

விலையெல்லாம் கணக்கு எளிதாக வரட்டும் என்று நான் போட்டவை. ஏலக்கடை விலை என்று நினைத்துச் சண்டைக்கு வராதீர்கள்.

| | ஏ | பி | சி | டி | ஈ |
|---|---|---|---|---|---|
| 1 | தேதி | மீன் | கிலோ | கிலோ விலை | தொகை |
| 2 | 1 ஜூலை | சூடை | 40 | 30 | |
| 3 | 2 ஜூலை | நெத்திலி | 25 | 80 | |
| 4 | 3 ஜூலை | நகரை | 18 | 150 | |
| 5 | 4 ஜூலை | காரல் | 35 | 40 | |
| 6 | 5 ஜூலை | கணவாய் | 12 | 250 | |
| 7 | 6 ஜூலை | நண்டு | 8 | 300 | |

ஏ1இல் தொடங்கி, ஒவ்வொன்றையும் அடித்து டேப் விசையை அமுக்குங்கள். வலப்பக்கக் கட்டத்துக்குப் போகும். நிரை முடிந்ததும் என்டர் அமுக்கினால் அடுத்த நிரையின் தொடக்கத்துக்கே வந்து நிற்கும். அடித்ததைத் திருத்த எஃப்2. தவறாக அழித்துவிட்டால் கன்ட்ரோல், இசட். இந்தக் கடைசி இரண்டு விசையை மட்டும் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும்.

இங்கே எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கிலோ நிரலில் “40 கிலோ” என்று எழுதுவது. நமக்கு அது எண். கணினிக்கு அது வெறும் எழுத்து. எண் கட்டத்தின் வலது ஓரம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரம் ஒட்டும், பார்த்தாலே தெரியும். எழுத்தைப் பெருக்கச் சொன்னால் ‘#வேல்யூ!’ என்று கத்தும். அதாவது பரவாயில்லை, கத்தினால் நமக்குத் தெரிந்துவிடும். கூட்டச் சொன்னால் கத்தாது, அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டிக் கொடுத்துவிடும். அந்த 40 எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ‘கிலோ’, ‘ரூபாய்’ எல்லாம் தலைப்பில் மட்டும். கட்டத்துக்குள் எண் மட்டும். ரூபாய்க் குறி வேண்டுமென்றால் கட்டங்களைத் தேர்ந்து ஃபார்மேட் பகுதியில் கரன்சி என்று மாற்றுங்கள். (2010இல் வந்த அந்தக் குறியை வரைந்த உதயகுமார் நம் கள்ளக்குறிச்சிக்காரர் என்று சொன்னால் பிள்ளைகள் ஒருமுறைக்கு இருமுறை அதைப் போட்டுப் பார்க்கிறார்கள்.)

தேதியிலும் ஒரு குழி இருக்கிறது. 1/7 என்று அடித்தால் சில கணினிகள் ஜூலை 1 என்றும், சில ஜனவரி 7 என்றும் எடுத்துக்கொள்ளும். மாதத்தின் பெயர் தெரிகிற மாதிரி வடிவத்தை மாற்றி ஒருமுறை சரிபாருங்கள்.

தேதியைக் கணினி உள்ளுக்குள் ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. அதனால் ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழிக்கலாம். நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதற்கு உதாரணம் தேடவே வேண்டாம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வேறொரு தாளில் ஒரு கட்டத்தில் முதல் தேதி, பக்கத்தில் கடைசித் தேதி, மூன்றாவதில் கழித்தல். விடை 60 வரும். (கட்டத்தில் ஏதாவது தேதி மாதிரி தெரிந்தால் அதன் வடிவத்தை ‘நம்பர்’ ஆக்குங்கள்.) “61 நாள்ல அக்கா?” என்று உடனே கேட்பார்கள். ஆமாம், 61 தான். கழித்தால் இடைவெளிதான் கிடைக்கும். முதல் நாளும் தடைநாளே என்பதால் ஒன்று கூட்ட வேண்டும். கணினி தப்பு செய்யவில்லை, நாம் கேட்ட கேள்விதான் ஒரு நாள் குறைச்சல்.

சூத்திரம்: விடையை எழுதாதீர்கள், வழியை எழுதுங்கள்

ஈ2இல் 1200 என்று மனக்கணக்காகப் போட்டு எழுதிவிடத் தோன்றும். எழுதினால் அது நோட்டுதான், விரிதாள் இல்லை. அதற்குப் பதில்:

1. ஈ2ஐச் சொடுக்குங்கள்.
2. முதலில் சமக்குறி அடியுங்கள். சமக்குறி இல்லாமல் எது அடித்தாலும் கணினி அதை வெறும் எழுத்தாகவோ எண்ணாகவோதான் பார்க்கும்.
3. =சி2*டி2 என்று அடித்து என்டர். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, வகுத்தலுக்குச் சாய்கோடு.
4. 1200 வரும். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதைப் பிடித்து ஈ7 வரை இழுங்கள்.

இழுத்ததும் ஈ3இல் =சி3*டி3, ஈ4இல் =சி4*டி4 என்று தானாக மாறியிருக்கும். ஒவ்வொன்றையும் சொடுக்கிப் பாருங்கள். ‘என் இடப்பக்கம் இருக்கும் இரண்டையும் பெருக்கு’ என்று அது புரிந்துகொண்டதால்தான் இந்த மாற்றம். தொகைகள் 1200, 2000, 2700, 1400, 3000, 2400 என்று வந்திருக்க வேண்டும்.

ஏ8இல் ‘மொத்தம்’ என்று எழுதி, ஈ8இல் =சம்(ஈ2:ஈ7). நடுவில் இருக்கும் முக்காற்புள்ளிக்கு ‘முதல், வரை’ என்று பொருள். விடை 12700. சி8இல் அதே மாதிரி =சம்(சி2:சி7), 138 கிலோ. அதே பாணியில் பெரியது மேக்ஸ், சிறியது மின், எத்தனை எண் என்று எண்ண கவுண்ட். இவை ஒருமுறை செய்தால் வந்துவிடும், நின்று விளக்க ஒன்றுமில்லை.

சராசரியில்தான் நிற்க வேண்டும்.

‘ஆவரேஜ்’ என்ற சூத்திரம் இருக்கிறது. ஒரு கிலோ சராசரியாக என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் எல்லாரும் டி நிரலுக்கு =ஆவரேஜ்(டி2:டி7) போடுவார்கள். 141.67 என்று வரும். இப்போது அந்த 141.67ஐ 138 கிலோவால் பெருக்கிப் பாருங்கள். 19,550 வருகிறது. நமக்கு வந்த காசோ 12,700. ஏறக்குறைய ஏழாயிரம் ரூபாய் காற்றில் முளைத்துவிட்டது!

நடந்தது இதுதான். ஆவரேஜ் சூத்திரம் 40 கிலோ சூடையையும் 8 கிலோ நண்டையும் ஒரே தட்டில் வைத்து, ஆறு விலையைக் கூட்டி ஆறால் வகுத்துவிட்டது. நண்டு விலை அதிகம்தான், ஆனால் அது வந்ததே எட்டுக் கிலோ. சரியான வழி =ஈ8/சி8, அதாவது மொத்தக் காசை மொத்தக் கிலோவால் வகுப்பது. விடை 92.03. ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, “அப்ப வகுப்பு சராசரி மார்க்கு?” என்று கேட்டாள். இரண்டு பிரிவிலும் பிள்ளைகள் எண்ணிக்கை ஒன்றாக இல்லையென்றால் அங்கேயும் இதே பிசகுதான். சூத்திரத்தின் பெயர் நமக்கு வேண்டிய சொல் மாதிரி இருக்கிறது என்பதற்காக அதைப் போட்டுவிடக் கூடாது.

டாலர் குறி எதற்கு?

மொத்த வருமானத்தில் ஒவ்வொரு மீனும் எத்தனை சதவீதம்? எஃப்2இல் =ஈ2/ஈ8 போட்டு, சதவீத வடிவத்துக்கு மாற்றினால் 9.4% வரும். அதைக் கீழே இழுங்கள். ‘#டிவ்/0!’ என்று வரிசையாகப் பிழை.

எஃப்3ஐச் சொடுக்கினால் காரணம் தெரியும்: =ஈ3/ஈ9. மேலே நமக்கு உதவிய அதே இழுப்பு இங்கே காலை வாரிவிட்டது. ஈ9 காலிக் கட்டம், காலியால் வகுக்க முடியாது. ஈ8 மட்டும் நகராமல் நங்கூரம் போட்டது போல நிற்க வேண்டும். அந்த நங்கூரம்தான் டாலர் குறி: =ஈ2/$ஈ$8. அடிக்கும்போது ஈ8 மீது நின்று எஃப்4 விசையை அமுக்கினால் அதுவே போட்டுக்கொள்ளும். இப்போது இழுங்கள், கணவாய்க்கு நேரே 23.6% வந்தால் சரி.

மற்ற பிழைகளும் பயமுறுத்துவதற்கு வந்தவை அல்ல. ‘#நேம்?’ என்றால் சூத்திரத்தின் பெயரை எழுத்துப் பிழையோடு அடித்திருக்கிறீர்கள். ‘#ரெஃப்!’ என்றால் சூத்திரம் தேடும் நிரையையோ நிரலையோ நீக்கிவிட்டீர்கள். வெறும் ‘####’ என்றால் பிழையே இல்லை, நிரல் ஒடுக்கமாக இருக்கிறது. தலைப்பு எழுத்தின் ஓரத்தைப் பிடித்து அகலப்படுத்துங்கள்.

பங்குக் கணக்கு

இனிதான் அந்தப் பையனின் கேள்வி. பங்கு பிரிப்பது ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். இங்கே செலவு போக மீதியில் பாதி படகுக்கும் வலைக்கும், மறுபாதி நாலு ஆளுக்குச் சமமாக என்று வைத்துக்கொள்வோம். ஜி நிரலில் பெயர், எச் நிரலில் எண்:

எச்1 வரவு: =ஈ8
எச்2 டீசல்: 2700
எச்3 ஐஸ்: 400
எச்4 சாப்பாடு: 600
எச்5 மீதி: =எச்1-சம்(எச்2:எச்4)
எச்6 படகுப் பங்கு: =எச்5/2
எச்7 ஆட்கள்: 4
எச்8 ஓர் ஆள் பங்கு: =(எச்5-எச்6)/எச்7

மீதி 9000, படகுக்கு 4500, ஓர் ஆளுக்கு 1125. இப்போது எச்2இல் 2700ஐ அழித்து 3300 என்று அடியுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். கடைசிக் கட்டம் 1050 ஆகிவிடும். ஆளுக்கு 75 ரூபாய் குறைகிறது. திண்ணையில் அன்றைக்கு ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு போட்டி போட்டு மாற்றினார்கள். ஓர் ஆள் வரவில்லை என்றால்? நண்டு 12 கிலோ கிடைத்திருந்தால்? சூடை விலை பாதியானால்?

கையால் அடித்த எண்கள் இருக்கும் கட்டங்களுக்கு மட்டும் வெளிர் மஞ்சள் நிறம் கொடுங்கள். மஞ்சளை மாற்றலாம், வெள்ளையைத் தொடக் கூடாது. சூத்திரத்தின் மேல் தெரியாமல் எண்ணை அடித்துவிட்டு ‘வேலை செய்யலக்கா’ என்று வருவது இதனால் பாதி குறைந்துவிட்டது.

நிபந்தனைச் சூத்திரம் வேண்டுமென்பவர்களுக்கு ஒன்று: =கவுண்ட்இஃப்(ஈ2:ஈ7,">=2000"). இரண்டாயிரமும் அதற்கு மேலும் வந்த நாட்கள் எத்தனை என்று எண்ணும். விடை 4.

அடுக்குவதற்கு முன்

தொகை அதிகமானது மேலே வரும்படி அடுக்க, ஏ1 முதல் எஃப்7 வரை முழுவதையும் தேர்ந்தெடுத்துவிட்டு டேட்டா பகுதியில் ‘சார்ட்’ (எஸ், ஓ, ஆர், டி) கொடுங்கள். முதல் நிரை தலைப்பு என்று குறியுங்கள். மொத்தம் இருக்கும் 8ஆம் நிரையைச் சேர்க்காதீர்கள். ஒரு நிரலை மட்டும் தேர்ந்து அடுக்கினால் மீன் பெயர் மட்டும் இடம் மாறி, சூடை விலைக்கு நண்டு உட்கார்ந்திருக்கும். எக்செல் ஒரு முறை எச்சரிக்கும்; பிள்ளைகள் எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே அமுக்குவதில் கெட்டிக்காரர்கள்.

விளக்கப்படம்

பி1 முதல் பி7 வரை தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டே ஈ1 முதல் ஈ7 வரையும் தேர்ந்தெடுங்கள். இன்செர்ட், சார்ட். எந்த வகை என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஒன்றோடொன்று ஒப்பிடத் தூண் படம். நாளாக நாளாக மாறுவதைக் காட்டக் கோட்டுப் படம். வட்டப் படம் முழுமையில் பங்கைக் காட்டும்போது மட்டும், அதுவும் நாலைந்து துண்டுக்கு மேல் வேண்டாம். முப்பரிமாணப் படம் எதற்கும் வேண்டாம். முன்னால் இருக்கும் தூண் பின்னால் இருப்பதை மறைக்கும்.

தூண் படத்தின் அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். 1000த்தில் தொடங்கினால் 1200 ரூபாய்ச் சூடை இல்லாதது போலவும், 3000 ரூபாய்க் கணவாய் அதைவிடப் பத்து மடங்கு போலவும் தெரியும்.

கிலோவுக்கு ஒன்று, தொகைக்கு ஒன்று என்று இரண்டு படம் போடுங்கள். கிலோவில் சூடை உயரம், காசில் கணவாய் உயரம். இந்த ஒரு வித்தியாசம் கிடைத்துவிட்டால் ஸ்லைடில் சொல்ல விஷயம் கிடைத்துவிட்டது.

ஸ்லைடு

பவர்பாயிண்டும் 1987இலிருந்து இருக்கிறது. அத்தனை வருஷமாக மனிதர்கள் அதில் செய்யும் தப்பும் ஒன்றேதான்: பாடப் புத்தகப் பத்தியை அப்படியே ஒட்டி, திரையைப் பார்த்து, வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசிப்பது. வகுப்பில் எல்லாருக்கும் படிக்கத் தெரியும். நீங்கள் வாசிப்பதற்குள் அவர்கள் படித்து முடித்துவிட்டுப் பேச ஆரம்பித்திருப்பார்கள்.

இங்கேயும் முதலில் காகிதம். ஒரு தாளை ஆறாக மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். நம் மீன் கணக்குக்கு இப்படி வரும்:

ஆறு நாளில் எங்கள் படகுக்கு 138 கிலோ மீன் கிடைத்தது.
கிலோவில் சூடை முதலிடம்.
காசில் கணவாய் முதலிடம்.
சராசரி விலை 142 இல்லை, 92.
செலவு போக ஓர் ஆளுக்கு 1125.
டீசலுக்கு 600 கூடினால் ஆளுக்கு 75 குறையும்.

அந்த வாக்கியம்தான் ஸ்லைடின் தலைப்பு. ‘விளக்கப்படம் 1’, ‘முன்னுரை’ என்று தலைப்பு வைத்தால் பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. தலைப்புக்குக் கீழே ஒரு படம், அல்லது ஒரு பெரிய எண். அவ்வளவுதான், மிச்சத்தை வாயால் சொல்லுங்கள். மறந்துபோகும் என்றால் ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் ‘நோட்ஸ்’ பகுதியில் எழுதி வையுங்கள். காட்சி ஓடும்போது அது திரையில் வராது.

செய்முறை இவ்வளவுதான். புதிய ஸ்லைடு சேர்க்கும்போது ‘லேஅவுட்’டில் தலைப்பும் ஒரு பெட்டியும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், கண்ட இடத்தில் எழுத்துப் பெட்டி போட்டால் ஒவ்வொரு ஸ்லைடிலும் தலைப்பு ஒவ்வொரு உயரத்தில் ஆடும். எழுத்தளவு 28க்குக் கீழே போக வேண்டாம். கடைசி பெஞ்சுக்குத் தெரிகிறதா என்று பார்க்க எளிய வழி: கணினியிலிருந்து ஆறு அடி தள்ளி நின்று படியுங்கள். வெளிச்சம் புகும் வகுப்பறைகள்தான் நமக்கு அதிகம், அதனால் வெள்ளையில் கறுப்போ கருநீலமோ நல்லது. கடல்நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வீட்டுத் திரையில் அழகாக இருக்கும். ஜன்னல் திறந்திருக்கும் வகுப்பில் புரொஜெக்டரில் இரண்டும் கரைந்துவிடும்.

அனிமேஷன்? எழுத்து சுழன்று சுழன்று வருவது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். நான் தடுப்பதில்லை, ஒரு முழு வகுப்பு அதற்கே விட்டுவிடுவேன். எல்லாவற்றையும் சுழலவிட்டுச் சிரித்து முடித்த பிறகு அவர்களே எடுத்துவிடுகிறார்கள்.

விரிதாளில் போட்ட படத்தை இங்கே கொண்டுவர, அதைச் சொடுக்கி கன்ட்ரோல், சி. ஸ்லைடில் கன்ட்ரோல், வி. கூகுள் ஸ்லைட்ஸை உலாவியில் திறந்து இன்செர்ட், சார்ட், ‘ஃப்ரம் ஷீட்ஸ்’ வழியாகக் கொண்டுவந்தால், பிறகு தாளில் எண்ணை மாற்றும்போது ஸ்லைடில் ‘அப்டேட்’ பொத்தான் வரும். திருத்திய எண் தாளிலும் பழைய படம் ஸ்லைடிலுமாக மேடை ஏறும் அவமானம் மிச்சம்.

அப்பாவின் உண்மையான வருமானத்தை வகுப்பில் காட்டும் முன் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் மேலே உள்ள எண்களையே வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் ஆட்களைப் படமெடுத்தாலும் அதே மரியாதை.

படகுக் கணக்கு இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் தீவுகள் நல்ல தலைப்பு. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். மண்டபம் தொகுதியில் 7, கீழக்கரையில் 7, வேம்பாரில் 3, தூத்துக்குடியில் 4. நாலு நிரை, ஒரு கூட்டல் (21 வருகிறதா?), ஒரு தூண் படம். தங்கச்சிமடத்துப் பிள்ளைகள் மல்லிகை நாற்றுக் கணக்கும், பெரியபட்டினம் பக்கம் பாட்டி பாசி எடுக்கப் போகும் கணக்கும் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எடுத்துப் போகும் நாள்

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு பள்ளி விழாவுக்கு நானே செய்து கொடுத்த ஸ்லைடை அங்கிருந்த கணினியில் திறந்தால் தமிழ் முழுக்கப் புரியாத ஆங்கிலக் குறிகளாகத் தெரிந்தது. பழைய வகை எழுத்துருவில் அடித்திருந்தேன். அந்த எழுத்துரு என் கணினியில் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) தவிர வேறெதிலும் அடிப்பதில்லை. விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ எழுத்துரு யூனிகோடுக்கு உரியவை. தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை பழகினால் வேகம் வரும். ஆரம்பத்தில் ஒலிப்பு முறையில் அடித்தாலும் குற்றமில்லை.

பென் டிரைவில் இரண்டு கோப்பு எடுத்துப் போங்கள்: ஒன்று ஸ்லைடு, இன்னொன்று அதே ஸ்லைடின் பிடிஎஃப். முதலாவது சொதப்பினால் இரண்டாவது காப்பாற்றும். கோப்புக்கு ‘புதியது’, ‘புதியது கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்று பெயர் வைக்காமல் தேதியோடு வையுங்கள். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கன்ட்ரோல், எஸ்.

காட்சியைத் தொடங்க எஃப்5, கூகுளில் கன்ட்ரோலும் எஃப்5ம். நடுவில் எல்லாரும் உங்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஆங்கில பி எழுத்தை அமுக்குங்கள். திரை கறுப்பாகும், மறுபடி அமுக்கினால் திரும்ப வரும். முந்தின இரவு அம்மாவையோ பாட்டியையோ உட்காரவைத்து ஒருமுறை பேசிப் பாருங்கள். ஆறு ஸ்லைடுக்கு ஐந்து நிமிஷம் தாண்டினால் எதையாவது குறைக்க வேண்டும்.

அந்தப் பையன் வகுப்புக்குப் போகும் முன் அவன் அப்பாவிடம்தான் காட்டினான். மடிக்கணினியை நானே அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஸ்லைடைத் தள்ளிவிட்டு, விரிதாளை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். “வல பொத்துனது எங்கடா?” என்றார். பையன் சாப்பாட்டுக்குக் கீழே ஒரு நிரை சேர்த்து, ‘வலை’, 800 என்று அடித்தான். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“செலவு கூடிருச்சு. பங்கு குறையலையே?”

குறையவில்லை. அப்போதும் 1125 தான். புது நிரை எச்5இல் விழுந்திருந்தது, கூட்டலோ எச்4 உடன் நின்றுவிட்டது. நிரையை ஓரத்தில் சேர்க்காமல் நடுவில் சேர்த்தால் வரம்பு தானாக நீளும் என்று நான் சொல்லிக்கொடுக்க மறந்திருந்தேன். பையன் கன்ட்ரோல், இசட் அமுக்கினான். ஐஸுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே நிரையைச் சேர்த்து மறுபடி 800 அடித்தான். 1025 வந்தது. “இப்ப சரி” என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட எழுந்து போனார்.